"என்னத்துக்குக் கேக்கிறியள்?"

யாழ்ப்பாணத்தில் ஓர் உள்ளூராட்சி அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். அலுவலகக் கோவை ஒன்றிலிருந்து யாரும் பிரதி கேட்டால், "என்னத்துக்குக் கேக்கிறியள்?" என்று வாய் தானாகவே கேட்கும். அது கடமை என்றே நினைத்திருந்தேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக்குப் போனோம். எனக்கு நினைவில் நின்றது மத்தியானச் சாப்பாடுதான்.

சில மாதம் கழித்து ஓர் ஐயா சைக்கிளில் வந்தார். அவர்களின் ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று போட்டிருந்தோம். எத்தனை மீற்றருக்குக் காசு கொடுத்தது, அளந்து கையெழுத்து வைத்தது யார் என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பிள்ளை, காரணம் சொல்லத் தேவையில்லையெண்டு சட்டத்திலை கிடக்கு. எடுத்துப் பாருங்கோ."

பார்த்தேன். கிடந்தது.

முடிவு சொல்ல 14 வேலைநாள். அதில் பாதி கோவையைத் தேடவே போயிற்று. பழைய கணக்குக் கட்டுகளுக்கு அடியில், கறையான் ஓரத்தைத் தின்ற நிலையில் கிடைத்தது. "165 மீ." என்று ஒரு வரி, கீழே ஒரு கிறுக்கல். மேலதிகாரி முதலில் மறுக்கத்தான் பார்த்தார். தேசிய பாதுகாப்பு, தனிப்பட்டவர் விபரம் என்று சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. ஒழுங்கைக்குக் கொட்டிய சீமெந்து எதற்குள்ளும் அடங்கவில்லை. மறுத்தால் மேன்முறையீடு, அதற்குமேல் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "கொழும்பிலை போய் நிக்க என்னாலேலாது, குடும்" என்றார்.

மூன்று பக்கம். முதல் நான்கு பக்கமும் இலவசம் என்பதால் ஒரு சதமும் வாங்கவில்லை. ஐயா வாசித்துவிட்டுச் சேர்ட் பையிலிருந்து தன் கடதாசித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். 142 மீற்றர். பேரனை மறுநுனியில் பிடிக்கவிட்டு அளந்தாராம்.

மாதம் முடியமுன் ஒப்பந்தகாரர் வந்து மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்து வைத்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். சட்டம் கடதாசியை வெளியில் எடுத்துத் தரும். அதற்குப் பிறகு ஒருவர் கேட்க வேண்டுமே.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பு நீளத்தை மட்டும் எழுதிய தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் இப்போது, "வைரவர் கோயில் மதகடியிலிருந்து பொதுக்கிணறு வரை" என்று இடமும் சேர்த்து எழுதுகிறார்கள்.