காய்ந்த கிளை: பெங்களூரு அல்சூர் நாட்குறிப்பு

பிப்ரவரி 11
எதிர்ப்புறக் குல்மோகரின் காய்ந்த கிளையில் ஒரு குக்குறுவான் இணை (மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் பச்சைப் பறவை) துளையிடத் தொடங்கியிருக்கிறது. சன்னலிலிருந்து பத்து மீட்டர்தான் இருக்கும். கால் நீட்டியே உட்கார வேண்டியவனுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

பிப்ரவரி 15
தலையை உள்ளே விட்டு, அலகு நிறைய மரத்தூளுடன் பின்வாங்கி, ஒரு முறை உதறிவிட்டு மறுபடியும் உள்ளே போகிறது. 400 மி.மீ. லென்ஸில் பார்த்தால், அலகைச் சுற்றியுள்ள முரட்டு மயிர்களில் தூள் மாவுபோல ஒட்டியிருப்பது தெரிகிறது. எண்பது படங்களில் தேறியவை இரண்டு. மற்றவற்றில் பச்சை முதுகு பின்னாலிருக்கும் மாமரத்தோடு கரைந்துவிட்டது.

பிப்ரவரி 20
பிசியோதெரபி. எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 3
கொத்தும் ஓசை நின்றுவிட்டது. துளையிட ஏறத்தாழ இருபது நாள் பிடிக்கும் என்ற கணக்குச் சரியாகவே இருக்கிறது. வாசல் அவ்வளவு அளவாக அமைந்திருப்பதால், பறவை உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைகிறது. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். ஒன்றுக்கு மட்டும் வால் இறகு ஒன்று வளைந்திருக்கிறது.

மார்ச் 10
பகலில் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். இரவில் பெட்டை மட்டுமே. தொடர்ந்து நான்கு மாலைகளாக, இருட்டும் நேரத்தில் உள்ளே போய்த் தங்கியது வளைந்த இறகு. ஆகவே அதுதான் பெட்டை. இதை மருமகளிடம் சொன்னபோது, “அதுக்கும் நைட் ஷிஃப்டா மாமா?” என்று கேட்டுவிட்டு, தன் அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

மார்ச் 16
மாடி வீட்டுக்காரர் அந்தக் கிளையை வெட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாராம். கிளைக்குக் கீழேதான் அவருடைய கார் நிற்கிறது. ‘குட்ரு ஹக்கி’ என்று நான் கன்னடத்தில் சொன்னதும் முகம் மலர்ந்து, ஊரில் காலையெல்லாம் அதன் குரல்தான் என்றார். மனுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22
அலகில் பூச்சி! குஞ்சு பொரித்துவிட்டது. அடைகாத்தல் 14 அல்லது 15 நாள். குஞ்சுகள் வெளியேற இன்னும் 36 முதல் 38 நாள். ஏப்ரல் கடைசி வாரம் வரை அந்தக் கிளை இருக்க வேண்டும்.

மார்ச் 30
அணில். ஆண் பாய்ந்து விரட்டியது. கை நடுங்கியதால் ஒரு படமும் தெளிவாக இல்லை.

ஏப்ரல் 8
இரவெல்லாம் கிளையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள கிளையின் கெட்டி மரத்தை இந்த அலகால் குடைய முடியாது. பட்டுப்போய் உள்ளே மெத்தென்று ஆகியிருந்தால்தான் முடியும். எது விழுந்துவிடுமோ என்று நாம் அஞ்சுகிறோமோ, அதுவே பறவைக்கு வீடு கட்டத் தோதான மரமாக இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை, ஏனென்றால் போன மழைக்கு இதே மரத்தின் கொம்பு ஒன்று விழுந்து எங்கள் மதில் உடைந்தபோது, மரத்தையே எடுத்துவிட வேண்டும் என்று கத்தியவன் நான்தான். அப்போது பறவை இருந்ததா என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்று படம் எடுக்கவில்லை. திரையின் இடுக்கு வழியாகத்தான் எடுக்கிறேன், ஃப்ளாஷ் போடுவதில்லை. இருந்தும், லென்ஸ் அசைந்தபோது பெட்டை இரையுடன் பக்கத்துக் கொம்பிலேயே ஆறு நிமிடம் காத்திருந்ததை நேற்று கவனித்தேன். அந்த ஆறு நிமிடமும் குஞ்சுகளின் பசியிலிருந்து நான் எடுத்தது.

ஏப்ரல் 17
கயிறும் ஏணியுமாக நால்வர் வந்தார்கள். ஊன்றுகோலுடன் இரண்டு மாடி இறங்கினேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைக் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது என்று மூச்சிரைக்க விளக்கினேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரரான மேஸ்திரி சட்டத்தைக் கேட்கவில்லை. கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். “இருபத்தஞ்சாம் தேதி வர்றோம் சார், அதுக்கு மேல என் கையில இல்ல.”

என் கணக்கின்படி 27க்கு முன்னால் குஞ்சுகள் பறக்காது.

ஏப்ரல் 18
முழங்கால் வீங்கியிருக்கிறது. மருமகள் பேசவில்லை.

ஏப்ரல் 22
மாங்காய் மழை. ஆலங்கட்டி. மின்சாரம் இல்லை. கிளை ஆடியது, விழவில்லை.

ஏப்ரல் 24
காலை 6.20. வாசலில் ஒரு தலை. கன்னத்து வெள்ளை இன்னும் மங்கலாகவே இருக்கிறது. கழுத்து வரை வெளியே வந்து, கீழே நின்ற காரைப் பார்த்துவிட்டு, உள்ளே இழுத்துக்கொண்டது. பெட்டை அத்திப்பழத்துடன் எதிர்க் கொம்பிலேயே நிற்கிறது, ஊட்ட வரவில்லை.