ஆந்தைக்குத் தெரியாத எலிதான் பிழைக்கும்

தோல் நிறம், ரோம நிறம் எல்லாம் சூழலுக்கு ஏற்ப மாறும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எப்படி மாறும் என்று கேட்டால்தான் சிக்கல். "கருப்புப் பாறையில் வாழ்ந்ததால் எலி கருப்பாக மாறியது" என்று பதில் வரும், ஏதோ எலி தேவை அறிந்து தன் நிறத்தை மாற்றிக்கொண்டது மாதிரி. நடந்தது அப்படி இல்லை. இதை விளக்க எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ராக் பாக்கெட் மவுஸ் என்கிற குட்டி எலி. அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைவனப் பாறைகளில் வாழ்கிறது. ராத்திரியில் விதை பொறுக்கித் தின்னும். பெரும்பாலான இடங்களில் பாறையும் மணலும் வெளிறிய நிறம், எலியும் மணல் நிறம்.

ஆனால் அங்கங்கே பழைய எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கரும்பாறைப் பரப்புகள் இருக்கின்றன. அரிசோனா - மெக்சிகோ எல்லையில் உள்ள பினகாத்தே அப்படி ஒன்று. அங்கே பார்த்தால் இதே இன எலியின் முதுகு கருகருவென்று இருக்கிறது. வயிறு மட்டும் வெள்ளைதான், கருப்பு எலிக்கும்! ஆந்தை மேலிருந்துதான் பார்க்கிறது, வயிறு எந்த நிறமாக இருந்தால் அதற்கென்ன?

2003-இல் மைக்கேல் நாக்மன், ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா குழுவினர் பினகாத்தே எலிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, கருப்பு நிறத்தோடு எம்சி1ஆர் என்ற மரபணுவின் மாற்றங்கள் சேர்ந்தே வருவதைக் கண்டார்கள். இந்த மரபணு உருவாக்கும் புரதம் நிறமி செல்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, கருநிறமியைச் செய்வதா, மஞ்சள் கலந்த சிவப்பு நிறமியைச் செய்வதா என்று தீர்மானிக்க உதவுகிறது. சாதாரண எலியின் முதுகு மயிர் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு மஞ்சள் பட்டை இருக்கும். கருப்பு எலிக்கு அந்தப் பட்டையே கிடையாது. மனிதர்களில் செம்பட்டை முடி வருவதற்கும் பெரும்பாலும் இதே மரபணுவின் வேறு மாற்றங்கள்தான் காரணம்.

இந்த மாற்றம் பாறையைப் பார்த்து வருவதில்லை. மரபணு நகலெடுக்கப்படும்போது தற்செயலாக நேரும் பிழை அது, மணலில் வாழும் எலிக்கும் நேரலாம். மணலில் அப்படி ஒரு கருப்புக் குட்டி பிறந்தால் ஆந்தை கண்ணில் சீக்கிரம் பட்டுவிடும், கரும்பாறையில் பிறந்தால் தப்பித்து, குட்டி போட்டு, தன் மரபணுவைப் பரப்பும். அதுவும் இந்தக் கருப்பு ஓங்கு பண்பு என்பதால், அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், முதுகில் தெரிந்துவிடும்.

அப்புறம், என்னை இன்னும் விடாத விஷயம் ஒன்று. நியூ மெக்சிகோவின் கரும்பாறைப் பரப்புகளிலும் கருப்பு எலிகள் உண்டு, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அவற்றிடம் பினகாத்தே எலிகளின் எம்சி1ஆர் மாற்றங்கள் இல்லை! வேறு மரபணு வழியாக அதே கருப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எந்த வழியில் வந்த கருப்பு என்று ஆந்தை பார்ப்பதில்லை, முதுகு பாறையோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கணக்கு.

சரி, இதெல்லாம் நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்கிற ஊகம்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் ரோவன் பேரட், ஹோக்ஸ்ட்ரா குழுவினர் திறந்தவெளியில் வேலி அடைத்து, மான் எலி என்ற வேறு இனத்தில் வெளிர் நிறத்தவற்றையும் கரும்பழுப்பு நிறத்தவற்றையும் கலந்து விட்டார்கள், சில வேலிகள் வெளிர் மணலில், சில கருமண்ணில். மண்ணோடு நிறம் பொருந்தாத எலிகள்தான் அதிகம் செத்தன. பிழைத்தவற்றை எடுத்துப் பார்த்தால், ரோம நிறத்தை ஆளும் அகூட்டி மரபணுவின் வகைகளிலேயே விகிதம் மாறியிருந்தது. 2019-இல் வெளியான ஆய்வு இது.