சொக்கப்ப நாயக்கன் தெருவில்

நேற்று மதுரை போன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மீனாட்சி கோயில் பக்கத்திலேயே சொக்கப்ப நாயக்கன் தெரு. ரமண மகரிஷி சிறுவயதில் இருந்த வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1896-ல், பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போதே, திடீரென்று சாவு பயம் வந்தது இங்கேதான். நானாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கை காலை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு, 'சரி, உடம்பு செத்தது. நானும் செத்தேனா?' என்று பார்த்தான். பயம் போனது, திரும்பி வரவே இல்லை. சில வாரங்களில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான்.

எனக்குப் பிடித்தது 1950-ல் அவருடைய கடைசி நாட்கள். இடது கையில் புற்றுக்கட்டி, நான்கு முறை அறுவை. நெஞ்சுச் சளிக்கு டாக்டர் மருந்து கொண்டுவந்தால், வேண்டாம், இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ரமணர். சொன்னபடியே ஏப்ரல் 14 இரவு 8.47-க்குச் சரியாகிவிட்டது! அதற்கு முன், பணிவிடை செய்தவர்களிடம் 'சந்தோஷம்' என்றாராம். வெள்ளைக்காரர்கள் தேங்க்ஸ் என்பார்கள், நாம் சந்தோஷம் என்கிறோம் என்று விளக்கம் வேறு.

எங்கள் அப்பாயியும் பூஜை அலமாரியில் இருந்த காசிச் சொம்பை மாதாமாதம் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். "நான் போறப்ப எனக்கு ஊத்தத்தானே, அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"