புகைச் சான்றிதழும் சாலையும்

வாகனப் புகைப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயில் குழலைச் செருகினால் சில நிமிடங்களில் சான்றிதழ் கையில் வந்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், அவ்வளவுதான். நுரையீரலைப் பதம் பார்க்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்தத் தாளில் கிடையாது. அவையோ வண்டி சுமையோடு ஓடும்போதுதான் அதிகம் வரும்!

ஆய்வகச் சோதனையையும் ஏமாற்றலாம். ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் சோதனையைக் கண்டுபிடித்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருள் இருந்தது 2015-ல் அம்பலமானது. சாலையில் ஓட்டியே அளக்கும் முறையை ஐரோப்பா 2017-ல் கட்டாயமாக்கத் தொடங்கியது. என்னைக் கேட்டால், எல்லா நாட்டுக்கும் அதுதான் முதல் வேலை.

அப்புறம், வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2006-ல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குச் சோதனை முறையில் கட்டணம் போட்டது. முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் போக்குவரத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் பார்த்தபின், வாக்கெடுப்பில் நகரவாசிகள் ஆதரித்தார்கள். 2007-ல் கட்டணம் நிரந்தரமானது.

இதில் பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம்: கட்டணம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டார்கள். பேருந்தே வராத நிறுத்தத்தில் நிற்பவரிடம் போய் 'காரை விடுங்கள்' என்றால் அவர் என்ன செய்வார்?