மித்ராவை நம்பி அரியர் வைத்தேன், இப்போது 67

ரிசல்ட் நேற்று மாலை வந்தது. ஆதி சபையின் கிரேக்க, ரோமப் பின்னணித் தாளில் 67. போன தடவை இதே தாளில் 31. எம்.ஏ., தமிழ் வழி. தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் எங்கே சறுக்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதே இடத்தில் சறுக்கத் தயாராக இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

15 மார்க் கேள்வி. "ஆதி கிறிஸ்தவத்தில் கிரேக்க, ரோமச் சமயத் தாக்கங்களை ஆராய்க." ஆறு பக்கம் எழுதினேன், அடிஷனல் ஷீட் வேறு. ரோமப் பேரரசில் வழிபடப்பட்ட மித்ரா என்ற தெய்வம் டிசம்பர் 25-இல் கன்னியிடம் பிறந்தார், 12 சீடர்கள், மூன்றாம் நாள் உயிர்த்தார், கிறிஸ்தவம் அப்படியே எடுத்துக்கொண்டது என்று ஒரே வேகம். எல்லாம் வீடியோவில் பார்த்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் அந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "எந்த ஆண்டு?" மார்க் 3.

இரண்டு நாள் திருத்தியவர் மேல் கோபம். அப்புறம்தான் தேடினேன். மித்ரா பாறையிலிருந்து பிறக்கிறார். சிற்பங்களில் கையில் கத்தியும் பந்தமுமாக வெளியே வருகிறார். கன்னி எங்கேயும் இல்லை. சில சிற்பங்களில் அவரைச் சுற்றி இருப்பவை 12 ராசிகள், சீடர்கள் அல்ல. ரோமப் பேரரசில் அவர் வழிபாட்டுக்குச் சான்று கிடைப்பதே முதல் நூற்றாண்டின் கடைசியில்தான், அதற்குள் பவுலின் கடிதங்கள் சபைகளில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனால் ஒற்றுமையே இல்லை என்று மறுபக்கம் ஓடிவிடவும் முடியாது. சுமார் 155-இல் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் தானே சொல்கிறார், மித்ராவின் சடங்கிலும் ரொட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துச் சில சொற்கள் சொல்கிறார்கள், பேய்கள் நம்மைப் பார்த்துச் செய்த போலி அது என்று. ஒற்றுமையை முதலில் பார்த்தவர்கள் கிறிஸ்தவர்களேதான்!

டிசம்பர் 25-உம் இப்படித்தான். அதை நான் ரோமர்களின் சாட்டர்னேலியா விழா என்று எழுதியிருந்தேன். அந்த விழா 17-இல் தொடங்கி 23-இல் முடிந்துவிடும். எழுத வேண்டியது 354-ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்பை. அதன் ஒரு பகுதியில் 25-க்கு நேரே 'வெல்லப்படாதவரின்' (சூரிய தெய்வம் என்று கொள்கிறார்கள்) பிறந்தநாள், 30 தேரோட்டங்கள் என்று இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பட்டியலில், அதே நாளில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். ரோமப் பேரரசர் அவுரேலியன் சூரியனுக்குக் கோயில் கட்டியது 274-இல், அதனால் சூரிய விழாவிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. மார்ச் 25-இல் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் எழுதுங்கள், பிறகு உங்கள் தீர்ப்பு.

இதிலிருந்து வந்ததுதான் என் ஒரே வித்தை: ஆண்டு முதலில், வினைச்சொல் பிறகு. சார்ட் பேப்பரில் நாலு கட்டம். விஷயம், கிரேக்க ரோமச் சான்றின் காலம், கிறிஸ்தவச் சான்றின் காலம், கடைசியில் நான் போடப்போகும் வினைச்சொல். கடன் வாங்கியதா, கூடவே வளர்ந்ததா, திட்டிக்கொண்டே பயன்படுத்தியதா, அரசு கொடுத்ததா? 'தாக்கம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது எதையும் சொல்லாத சொல்.

என் கட்டத்தில் இருந்த சில:

- லோகோஸ், யோவான் நற்செய்தியின் 'வார்த்தை'க்குக் கிரேக்க மூலச்சொல். 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று படித்தே பழகியதால் நமக்கு இது கண்ணில் படாது. கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ், ஸ்டோயிக் தத்துவப் பள்ளியினர், அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ, யோவான், ஜஸ்டின் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்.
- அப்போஸ்தலர் 17, பவுல் ஏதென்சில் பேசியது. எல்லாரும் 'அறியப்படாத தேவன்' பலிபீடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் கிடைப்பது 28-ஆம் வசனத்தில். 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற புலவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அராட்டஸ், அந்த வரி கிரேக்கத் தெய்வம் சீயுசைப் பற்றியது. பவுல் அதை எடுத்து ஏதென்ஸ்காரர்களிடமே திருப்பிச் சொல்கிறார்.
- சபை எடுத்துக்கொண்ட சொற்கள்: எக்ளேசியா (சபை) முதலில் ஊர் மன்றம், சாக்ரமெந்தும் (திருவருட்சாதனம்) படைவீரன் சத்தியம், டயோசிஸ் (மறைமாவட்டம்) அரசு நிர்வாகப் பிரிவு.
- பாசிலிக்கா, சபைக் கட்டடத்துக்கு எடுத்த ரோம வடிவம். அது கோயில் அல்ல, நீதிமன்றமும் வியாபாரமும் நடந்த மண்டபம். நாலு வரி போதும்.
- 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஞாயிறு விடுமுறைச் சட்டம். 'சூரியனின் நாள்' என்றுதான் இருக்கிறது, கிறிஸ்துவின் பெயர் கிடையாது.

கிரேக்கத் தத்துவத்தைச் சாடிய ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் 'ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்' வேண்டாம், திருத்துகிறவருக்கே சலித்துப் போயிருக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால், ஞானஸ்நானத்தைப் படைவீரன் சத்தியமாகப் பேசியவரும் அவரேதான் என்பதைச் சேர்த்துப் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது மோனிக்கா கதை. பின்னாளில் பெரிய இறையியலாளரான அகஸ்டினின் அம்மா, ஆப்பிரிக்காவில் செய்த வழக்கப்படி மிலானிலும் புனிதர் கல்லறைக்குக் கஞ்சியும் ரொட்டியும் திராட்சரசமும் எடுத்துப் போகிறாள். வாசல்காரன் தடுக்கிறான், ஆயர் அம்புரோஸ் தடை செய்திருக்கிறார் என்று. காரணம், ரோமர்கள் முன்னோருக்குச் செய்யும் பாரென்டாலியா போலவே இருக்கிறதாம். மறுபேச்சில்லாமல் விட்டுவிடுகிறாள். ரோமச் சடங்கு ஒரு கூடைக்குள் உட்கார்ந்து சபை வாசல்வரை வந்து திரும்புகிற காட்சி இது. கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் தூக்கிக்கொண்டு போகிற வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, இதை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

மற்றபடி: குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, பாதி நேரம் டீயிலேயே போகும். காலை 4 மணிக்கு மொட்டைமாடி. டைப் செய்த நோட்ஸ் கையிலேயே நிற்காது, கையால் எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டதற்கு இன்டர்னலில் 25-க்கு 11 வாங்கியவன் நான், அதனால் இன்டர்னலைப் பற்றி அறிவுரை கிடையாது.

இந்தத் தடவை கேள்வியைக் கொஞ்சம் முறுக்கி, "கடனா, மோதலா?" என்று கேட்டிருந்தார்கள். நாலு பக்கத்தில் முடித்தேன், மோனிக்காவுக்கே ஒரு முழுப் பக்கம். அடிஷனல் ஷீட் கேட்கவில்லை. சார்ட் பேப்பர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கையெழுத்துதான் கொஞ்சம் கோழிக்கிறுக்கல்.