தபால்தலை ஆல்பம்: கோல்ட் கோஸ்ட் கானாவான பக்கங்கள்

ஆப்பிரிக்க விடுதலை ஆல்பத்தில் முதல் நாடு முடிந்தது. கானாவுக்கு மொத்தம் 14 தபால்தலைகள்தான், ஆனால் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

முதலில் தலைவர்களின் முகத்தை வைத்துப் பக்கம் பிரித்தேன். கானாவின் என்குருமாவுக்கு ஒன்று, கென்யாவின் கென்யாட்டாவுக்கு ஒன்று, தான்சானியாவின் நைரேரேவுக்கு ஒன்று. ஒட்டிப் பார்த்தபோது சரியாக வரவில்லை. முகங்கள் வரிசையாக நின்றன. நாட்டை யார் கையிலிருந்து வாங்கினார்கள் என்பதே தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பழைய ஆட்சியின் தபால்தலையிலிருந்து தொடங்கினேன்.

பிரிட்டிஷ் ஆட்சியில் கானாவுக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர். அந்தக் காலத்து எலிசபெத் ராணி தபால்தலைகள் நான்கு கிடைத்தன. கொக்கோ காய் உடைப்பது, பேசும் முரசு, கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டை எல்லாம் அந்த வரிசையில் உண்டு. கோட்டைத் தபால்தலையை லென்ஸில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, பின்னாளில் பிரிட்டிஷ் ஆளுநரின் இருப்பிடம். 1948 பிப்ரவரி 28 அன்று முன்னாள் படைவீரர்கள் ஆளுநரிடம் மனு கொடுக்க இதை நோக்கித்தான் நடந்தார்கள். பிரிட்டனுக்காக பர்மா வரை போய்ப் போரிட்டுத் திரும்பியவர்கள் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். வழியிலேயே துப்பாக்கிச் சூடு. சார்ஜென்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிபோ, சிப்பாய் ஒடார்டே லாம்ப்டே மூவரும் இறந்தார்கள். அவர்கள் பெயர்களைக் கோட்டைக்குக் கீழே என் கையால் எழுதினேன். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்த வரிசை 1957 மார்ச் 6. பழைய தபால்தலைகளின் மேலேயே ‘கானா விடுதலை’ என்ற சொற்களும் தேதியும் அச்சடித்து விற்றார்கள். ராணியின் முகம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் புதுப் பெயர். 1960 ஜூலையில் குடியரசாகும் வரை கானாவுக்கும் அவர்தான் ராணி என்பதால், அந்தத் தாள் சொல்வது உண்மைதான். இவற்றில் ஆறு சேர்த்தேன்.

அதே நாளில் வந்த புதிய தபால்தலையில் என்குருமாவின் முகமும் ஆப்பிரிக்க வரைபடமும் ஒரு கழுகும். நான்கு மதிப்புகளில் வந்தது, நான்கும் இருக்கிறது. ராணி இருந்த இடத்தில் இவர் முகமா என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. மக்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, விடுதலை வந்ததைப் படத்தில்தான் காட்ட முடியும் என்பது அவருடைய பதில். 1951 தேர்தலில் சிறையிலிருந்தபடியே வென்றவர் அவர். ஆளுநர் ஆர்டன்-கிளார்க் விடுதலை செய்து, அரசை நடத்த அழைத்தார். அந்த மக்களுக்கு அந்த முகம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது அவர் பதிலை ஏற்றுக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

ஆனால் அதோடு பக்கத்தை முடிக்க மனம் வரவில்லை. 1948 துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் வெடித்த கலவரத்தை ஒட்டி என்குருமாவோடு கைதான இன்னொரு தலைவர் ஜே.பி. தான்குவா. கானா என்ற பெயருக்காக வாதாடியவரும் அவரே. என்குருமா ஆட்சியில் விசாரணையின்றி அடைக்கப்பட்டு, 1965 பிப்ரவரியில் என்சாவாம் சிறையில் இறந்தார். என்குருமா தபால்தலைகளுக்குப் பக்கத்தில் அவருக்காக ஒரு கட்டம் வரைந்து பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன்.

வேலை பற்றிக் கொஞ்சம். சிவப்பு உறைத் துண்டோடு ஒரு தபால்தலையை மற்றவற்றோடு சேர்த்து ஊறப்போட்டதில் சாயம் இறங்கி இரண்டு கெட்டுப்போயின, திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. இப்போது நிற உறைகளுக்குத் தனிக் கிண்ணம், குளிர்ந்த தண்ணீர், பதினைந்து நிமிடம். தாளிலிருந்து தானாக விட்டு வரும்வரை இழுப்பதில்லை. மையொற்றும் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, அப்புறம் ஓர் இரவு கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சுருளாமல் வருகிறது. மேலே அச்சடித்தவற்றை மட்டும் பசை படாமல் பிளாஸ்டிக் உறையில் செருகிவிட்டேன்.

அடுத்தது கினி. 1958 செப்டம்பர் வாக்கெடுப்பில் பிரான்ஸிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லி அக்டோபர் 2 அன்று தனியே போன நாடு. அங்கும் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கத் தபால்தலை மேல் புதுப் பெயரை அச்சடித்துத்தான் தொடங்கினார்கள். ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.