மீன் தெரிகிறதா?

பெரியம்மா தொலைபேசியில் பேசினால் இன்றும் டிரங்கால் காசு ஓடுவது போலத்தான் பேசுவாள். வியாழக்கிழமை இரவு கூப்பிட்டாள். "ஏட்டி, சனிக்கிழமை லீவுதானே, வந்துவிட்டுப் போ. மல்லிகைப்பூ கொண்டுவா. ஆற்றில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். என்ன வேலை என்று திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் "வந்தால் தெரியாதா?" என்பாள். அம்மாவும் இப்படித்தான். அம்மாவின் உடன்பிறந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது பெரியம்மா ஒருத்திதான். 81 வயது.

மதுரை மாட்டுத்தாவணியில் விடியற்காலையிலேயே ஆறு முழம் பூ வாங்கி, வாழையிலையில் சுற்றிக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். "எங்கும் நிற்காது, பாயிண்ட் டு பாயிண்ட்" என்று கூவி ஏற்றிய கண்டக்டர், விருதுநகர் தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றினார். கேட்டதற்கு, "இவர்கள் எல்லாம் வழியில் இறங்குகிறவர்கள் இல்லை அம்மா" என்று விளக்கம் வேறு. கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான் தாண்டி வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஒன்பதே கால். மடியில் இருந்த இலை ஈரம் என் புடவையில் வட்டமாக இறங்கியிருந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறினாலும் நான் எப்போதும் கொக்கிரகுளத்தில் இறங்கிவிடுவேன். சுலோசன முதலியார் பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும் என்பது அம்மா வைத்த வழக்கம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். 1843இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே படகுதான். ஒரு அரசு ஊழியர் கைக்காசு போட்டு ஊருக்குப் பாலம் கட்டினார் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னேன். ஒருவன் எழுந்து, "ஏன் டீச்சர்?" என்று கேட்டான். இன்றுவரை அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

பாலத்திலிருந்து பார்த்தால் கரையிலேயே கலெக்டர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீசார் அடித்து விரட்டியபோது, ஓட வழியில்லாமல் ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முழுவதும் அம்மா இந்தப் பாலத்தில் நடக்கவில்லை. பஸ்ஸிலேயே கடந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று அந்த இடத்தில் இரண்டு எருமைகள் கழுத்தளவு நீரில் அசையாமல் நின்றன.

டவுனில் ஆனித் திருவிழாவுக்கான களை வந்துவிட்டது. தேரை மூடியிருந்த தகரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரத வீதியிலிருந்து பிரிகிற சந்தில்தான் பெரியம்மா வீடு. தார்சாவில் சாய்வு நாற்காலி, அதன் கையில் ஒரு விசிறி, பக்கத்தில் பெரியம்மா. நாற்காலியில் உட்கார மாட்டாள், அது பெரியப்பாவுடையது. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. பூவை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "காந்திமதி அம்மனுக்கு நாலு முழம், மிச்சம் இருக்கட்டும்" என்று மதினியிடம் கொடுத்தாள். நான் இளைத்துவிட்டேன் என்றாள். மூன்று கிலோ கூடியிருக்கிறேன். மறுக்கவில்லை.

மதினி உளுந்தஞ்சோறு வடித்திருந்தாள். இதை மதுரையில் எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு அமைவதில்லை. தோலோடு இருக்கும் உடைத்த கறுப்பு உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். நான் அவசரப்பட்டுவிடுகிறேன் போலிருக்கிறது. பிறகு அரிசி, வெந்தயம், சீரகம், உரித்த முழுப் பூண்டுப் பற்கள் பத்துப் பன்னிரண்டு, தேங்காய்ப்பூ. குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. சாம்பல் நிறத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத சோறு. மேலே நல்லெண்ணெய் ஊற்றி, எள்ளுத் துவையலைத் தொட்டு, வெந்து வெண்ணெயாகிப் போன ஒரு பூண்டைச் சோற்றோடு நசுக்கி வாயில் போட்டால், பிறகு யாரும் பேச மாட்டார்கள். பேசவில்லை. அண்ணன் மட்டும் அவியலை இரண்டாம் முறை கேட்டான்.

சாப்பிட்டு முடித்தபிறகுதான் பெரியம்மா வேலையைச் சொன்னாள்.

குறுக்குத்துறையில் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே, மருதமரத்துக்குக் கீழே ஒரு சின்னப் படித்துறை. அதில் தண்ணீரை ஒட்டி இருக்கும் படியொன்றில் மீன் செதுக்கியிருக்கும். அம்மாவும் பெரியம்மாவும் சிறுமிகளாக இருந்தபோது அந்த மீன்தான் அளவு. மீனின் முதுகைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாம். மீன் மறைந்துவிட்டால் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே இரண்டு படி மறைந்தால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆச்சி திண்ணையிலிருந்தே கேட்பாளாம்: "மீன் தெரிகிறதா?"

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரியம்மா ஆற்றுக்குப் போகவில்லை. நான்கு வருடமாகிறது. நடுவில் 2023 டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளமும் மீனாட்சிபுரமும் தண்ணீருக்குள். இரண்டு நாள் இங்கே யாரையும் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் நாங்கள் மதுரையில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அந்த மீன் இருக்கிறதா, ஆறு கொண்டுபோய்விட்டதா என்று பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டும். அண்ணனை அனுப்பியிருக்கிறாள். "படியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று வந்து சொல்லியிருக்கிறான். "அவன் ஆற்றுக்கே போகவில்லை. செருப்பில் மண்ணே இல்லை" என்றாள் பெரியம்மா, அண்ணன் முன்னாலேயே.

நாலு மணிக்கு ஆட்டோவில் போனேன். பொதிகையில் சாரல் பிடித்திருந்ததால் டவுன் வரைக்கும் காற்றில் குளிர்ச்சி இருந்தது. கார் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு நிறைந்தும் இல்லை, மெலிந்தும் இல்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மட்டும் தூக்கிக்கொண்டு கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்கு வந்துவிடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருந்து, வெள்ளம் வடிந்ததும் வெளியே வருவார். சாமியையே இப்படி நனையவிடுகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஆற்றின் மேல் கோபம் வராதது ஆச்சரியமில்லை. டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பெரியம்மா சொன்ன ஒரே வார்த்தை: "வந்தது, போனது."

நீர் ஓரமாக நடந்தேன். எனக்கு ஆற்றின் மேல் கோபம் இல்லை, கரையில் கிடந்ததன் மேல் இருந்தது. ஷாம்பு உறைகள், ஈரத்துணிகள், ஒரு பிளாஸ்டிக் மாலை. ஓரிடத்தில் சாக்கடை நேராக வந்து இறங்குகிறது. அதிலிருந்து இருபது அடி தள்ளி ஒருவர் கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, மூன்று முழுக்குப் போட்டார்.

மருதமரம் இருந்தது. படித்துறையும் இருந்தது, ஆனால் கீழ்ப் படிகள் வரிசை கலைந்து, பல் விழுந்த வாய் மாதிரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவினேன். பாசி வழுக்கியது. குட்டி மீன்கள் வந்து கணுக்காலைக் கொத்தின. கல் மீனைத் தேடி வந்தவளை உயிர்மீன்கள் கேலி செய்வது போலிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா தேடுகிறீர்கள், கொலுசா?" என்றாள்.

"மீன்."

"இந்த இடத்திலா? தூண்டில் எங்கே?"

"கல்லில் செதுக்கிய மீன்."

அவள் சிரித்தாள். எதிரே கல்லில் குவித்து வைத்திருந்த ஈரப் போர்வையை இரண்டு கையாலும் தூக்கினாள். "இதுவா பாருங்கள்."

ஒரு முழ நீளம் இருக்கும். செதிலைக் காட்டக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. வால் மட்டும் இரண்டாகப் பிரிந்து நன்றாகத் தெரிந்தது. சோப்பு நுரை அந்தப் பிளவில் தேங்கி நின்றது. தலை இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்றிருந்தது. "துவைப்பதற்கு இந்தக் கல்தான் வாகாக இருக்கிறது, சொரசொரப்பு இருக்கிறதல்லவா" என்றாள் அந்தப் பெண். செதில்களைத்தான் சொன்னாள். கைப்பேசியில் படம் எடுக்கப் பார்த்தேன். நனைந்த கல்லில் வெயில் பட்டு ஒன்றும் விழவில்லை. விரலால் வாலைத் தடவிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் அல்வா வாங்கினேன், இருட்டுக்கடையில் இல்லை. அங்கே மாலையில் திறப்பதற்கு முன்பே வரிசை தெருவில் நீண்டுவிடுகிறது, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேறொரு கடையில் இலைத் துண்டில் ஐம்பது கிராம் சூடாகக் கொடுத்தார்கள். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது.

பெரியம்மா திண்ணைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் படியேறுவதற்குள் கேட்டாள்.

"தெரிகிறதா?"

"இருக்கிறது பெரியம்மா. ஆனால் தலை தேய்ந்து போய்விட்டது."

"தலை எங்கள் காலத்திலேயே கிடையாது. வால் எந்தப் பக்கம் இருக்கிறது?"

யோசித்துப் பார்த்தேன். "ஆற்றுப் பக்கம்."

"நன்றாக ஞாபகப்படுத்திச் சொல். கோயில் பக்கமா, ஆற்றுப் பக்கமா?"

"ஆற்றுப் பக்கம்தான்."

பெரியம்மா உள்ளங்கையைத் திண்ணையில் வைத்து, மெதுவாகக் கால் வட்டம் திருப்பினாள். "வால் கோயிலைப் பார்த்திருக்கும். அப்படியென்றால் கல் புரண்டிருக்கிறது." கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இனி அதை வைத்து ஆழம் சொல்ல முடியாது" என்றாள்.

மணி ஆறரை. மதினி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த பூவைக் கொண்டுவந்தாள். பெரியம்மா என்னைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, தலையில் அதை வைத்து ஊக்கைக் குத்தினாள். கொஞ்சம் வலித்தது.

"மதுரைப் பூ மதுரைக்கே போகிறது" என்றாள் மதினி.

"போகட்டும். ஏட்டி, அண்ணன் பைக்கை எடுக்கிறான். இந்தத் தடவை நிற்காத பஸ்ஸாகப் பார்த்து ஏறு."